வெளியாளுக்குக் கதவு திறந்த விதிகள்

2015 ஆகஸ்ட் 6, க்ளீவ்லாந்து. அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் முதல் விவாத மேடையில் பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே வில்லங்கமான கேள்வி. கடைசியில் யார் வேட்பாளர் ஆனாலும் ஆதரிப்பேன், தனித்து நிற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் என்றார் நெறியாளர். ஒரே ஒரு கை எழுந்தது. நடுவில் நின்ற டொனால்ட் டிரம்ப்பின் கை. கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அவர் அசரவில்லை.

கட்சித் தலைமைக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 1992இல் ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர் சுயேச்சையாக நின்று ஏறக்குறைய 19 சதவீத வாக்கை அள்ளிக்கொண்டு போனதையும், அதே தேர்தலில் தங்கள் ஜனாதிபதி அப்பா புஷ் தோற்றதையும் அவர்கள் மறக்கவில்லை. அதனால் எல்லா வேட்பாளர்களுக்கும் ஓர் உறுதிமொழித் தாள் தயாரானது. செப்டம்பர் 3 அன்று கட்சியின் தேசியக் கமிட்டித் தலைவர் ரைன்ஸ் ப்ரீபஸ் நியூயார்க்கில் டிரம்ப் டவருக்கே நேரில் போனார். டிரம்ப் கையெழுத்துப் போட்டு, தாளை நிருபர்கள் முன் தூக்கிக் காட்டினார்.

ஆளைக் கட்டிப்போட்டாயிற்று என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அதே உறுதிமொழியை மற்றப் போட்டியாளர்களான ஜெப் புஷ், மார்கோ ரூபியோ, டெட் குரூஸ் எல்லோரும் கொடுத்திருந்தார்கள். டிரம்ப் ஜெயித்தால் அவர் பின்னால் நிற்போம் என்று அவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? வெளியாளுக்கென்று வாங்கிய கயிறு வீட்டுக்காரர்களின் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

குடியரசுக் கட்சியில் வெளியாளுக்கும் மேலிடத்துக்கும் நூறு ஆண்டுகளாக நடக்கும் இழுபறியை மக்கள் கோபம், குடியேற்றம், வெள்ளையர் தொழிலாளர் வர்க்கம் என்று பல கோணங்களில் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் நான் பார்த்தவரை அதிகம் பேசப்படாதது விதிப்புத்தகம். மேலிடம் தன் ஆளை மனதில் வைத்து ஒரு விதி போடும். அடுத்த முறை அந்த விதி யாருக்கு வேலை செய்யும் என்பது அதன் கையில் இருக்காது.

முதலில் இந்த 'மேலிடம்' யார் என்று பார்த்துவிடலாம். தலைமை அலுவலகம் வேட்பாளர் பட்டியலை வெளியிட்டால் முடிந்தது கதை என்று பழகியவர்களுக்கு அமெரிக்கக் கட்சி விசித்திரமாகத் தெரியும். குடியரசுக் கட்சியின் தேசியக் கமிட்டியில் 168 உறுப்பினர்கள். 50 மாநிலங்கள், தலைநகர், 5 ஆட்சிப்பகுதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று பேர். யாருக்கு சீட்டு கொடுக்கலாம், யாருக்கு மறுக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவர் ஒரு படிவத்தை நிரப்பி 1,000 டாலர் கட்டினால் ஜனாதிபதி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தலின் வாக்குச்சீட்டில் பெயர் வந்துவிடும். டிரம்ப் 2001 முதல் 2009 வரை ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்திருந்தவர். அதைக் காரணம் காட்டி அவரை வாசலில் நிறுத்த எந்த நடைமுறையும் இல்லை.

ஆகவே மேலிடம் என்பது ஒரு கட்டடமோ கமிட்டியோ கிடையாது. ஆளுநர்கள், செனட்டர்கள், பெரும் நன்கொடையாளர்கள், தேர்தல் ஆலோசகர்கள், பழமைவாதப் பத்திரிகைகள் என்று பலரும் சேர்ந்த ஒரு கூட்டம். அவர்களிடம் இருப்பது இரண்டு ஆயுதங்கள். ஒன்று ஆதரவு அறிவிப்பு, இன்னொன்று பணம். முதல் வாக்கு விழுவதற்கு ஓராண்டுக்கு முன்பே இந்த இரண்டையும் ஒருவர் பக்கம் குவித்து, மற்றவர்களைக் களைத்துப் போகச் செய்வதுதான் அவர்களின் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத பிரைமரி என்று அரசியல் ஆய்வாளர்கள் இதைச் சொல்வார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. முன்பு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டு மண்டபத்திலேயே கணக்கை முடித்துக்கொள்வார்கள். 1912இல் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தன் சொந்தக் கட்சி ஜனாதிபதி டாஃப்ட்டை எதிர்த்துக் கிளம்பினார். அப்போதுதான் பிரைமரி தேர்தல்கள் அரும்பிக்கொண்டிருந்தன. பிரைமரி நடந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் ரூஸ்வெல்ட் ஜெயித்தார், டாஃப்ட்டின் சொந்த மாநிலமான ஒஹாயோ உட்பட. ஆனால் சிகாகோ மாநாட்டில் சர்ச்சைக்குள்ளான 254 பிரதிநிதி இடங்கள் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் டாஃப்ட்டின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 235 இடங்கள் டாஃப்ட்டுக்கு, 19 ரூஸ்வெல்ட்டுக்கு. ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக்கட்சி தொடங்கினார், வாக்கு பிரிந்தது, ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் ஜனாதிபதி ஆனார்.

1940இல் கதை திரும்புகிறது. வெண்டெல் வில்கி மின் நிறுவன அதிபர். எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை, சமீப காலம் வரை ஜனநாயகக் கட்சிக்காரர் வேறு. பிலடெல்பியா மாநாட்டில் பார்வையாளர் மாடம் முழுக்க 'எங்களுக்கு வில்கிதான் வேண்டும்' என்று கத்த, ஆறாவது சுற்று வாக்கெடுப்பில் அவர் வேட்பாளர் ஆனார். இண்டியானாவின் முன்னாள் செனட்டர் ஜேம்ஸ் வாட்சன் அப்போது பொருமியதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. மனம் திருந்திய விலைமாது தேவாலயத்துக்கு வரட்டும், தப்பில்லை, அதற்காக முதல் நாளே பாடகர் குழுவுக்குத் தலைமை தாங்க விடுவதா என்று கேட்டாராம். வேடிக்கை என்னவென்றால் இந்த வெளியாளைத் தூக்கிப் பிடித்தவர்கள் கிழக்குக் கரையின் பத்திரிகை முதலாளிகளும் நிதி உலகத்தாரும்தான். கட்சிக்காரர்களுக்கு வெளியாள், பணக்காரர்களுக்கு உள்ளாள். 1952இல் ஜெனரல் ஐசன்ஹோவரும் ஏறக்குறைய இதே பாதையில் வந்தார். 'மிஸ்டர் ரிபப்ளிகன்' என்றே பெயரெடுத்த செனட்டர் ராபர்ட் டாஃப்ட், அந்தப் பழைய ஜனாதிபதியின் மகன், டெக்சாஸ் பிரதிநிதிகள் யார் என்ற சண்டையில் சறுக்கித் தோற்றார். அப்பாவுக்குக் கைகொடுத்த அதே வகைச் சண்டை மகனைக் கவிழ்த்தது.

இந்தத் தோல்விகளின் கசப்பு 1964இல் வெடித்தது. நியூயார்க் பணம்தான் எங்கள் வேட்பாளரை எப்போதும் தீர்மானிக்கிறது என்று மேற்கிலும் தெற்கிலும் இருந்த தீவிரப் பழமைவாதிகள் நம்பினார்கள். அவர்கள் முன்னிறுத்திய பேரி கோல்ட்வாட்டரின் ஆட்கள் வட்டார அளவிலான சின்னச் சின்னக் கூட்டங்களில் ஆள் திரட்டி, பிரதிநிதி இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லர் பேச எழுந்தபோது அவரைப் பேசவிடாமல் மண்டபமே ஊளையிட்டது. கோல்ட்வாட்டர் பொதுத்தேர்தலில் ஆறே மாநிலங்களில் ஜெயித்தார். ஆனால் கட்சி யாருடையது என்ற கேள்வியில் அவர் தோற்கவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து ரேகன் வெள்ளை மாளிகைக்குப் போனது அவர் போட்ட பாதையில்தான்.

அடுத்த திருப்பம் எதிர்க்கட்சியிலிருந்து வந்தது. 1968இல் ஜனநாயகக் கட்சி மேலிடம், ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ப்ரியை வேட்பாளர் ஆக்கியது. சிகாகோ தெருக்களில் அடிதடி. அதற்குப் பிறகு அந்தக் கட்சி விதிகளை மாற்றி எழுதியது. பல மாநிலங்கள் பிரைமரி நடத்தச் சட்டம் போட்டன. சட்டம் பொதுவானது என்பதால் குடியரசுக் கட்சியும் கூடவே இழுபட்டது. பத்தாண்டுக்குள் மாநாட்டு மண்டபம் முடிவை அறிவிக்கும் மேடையாகச் சுருங்கிவிட்டது.

இங்கேதான் இரண்டு கட்சிகளும் பிரிகின்றன. இது முக்கியமான இடம். ஜனநாயகக் கட்சி 1980களில் கொஞ்சம் பயந்து, தலைவர்களுக்கென்று தனி வாக்கு வைத்தது. சூப்பர் டெலிகேட் என்று பெயர். 2016இல் அப்படி எழுநூற்றுச் சொச்சம் பேர், யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கும் சுதந்திரத்தோடு இருந்தார்கள். குடியரசுக் கட்சி அந்தப் பக்கமே போகவில்லை. அதன் 168 கமிட்டி உறுப்பினர்களும் மாநாட்டுப் பிரதிநிதிகள்தான் என்றாலும், பெரும்பாலும் தங்கள் மாநில முடிவுக்குக் கட்டுப்பட்டவர்கள். தேவையில்லை என்று நினைத்தார்கள். நினைத்ததற்குக் காரணமும் இருந்தது. 1976இல் ரேகன் பதவியில் இருந்த ஜனாதிபதி ஃபோர்டை மாநாடு வரை துரத்தினார். 1,187க்கு 1,070 என்று மயிரிழையில் ஃபோர்டு தப்பினார். ஆனால் 1988 முதல் 2012 வரை அப்பா புஷ், டோல், மகன் புஷ், மெக்கெய்ன், ராம்னி என்று வரிசை பிசகாமல் மேலிடத்துக்குச் சம்மதமானவர்களே வந்தார்கள். 1996இல் பேட் புக்கானன் நியூ ஹாம்ப்ஷயரில் டோலைத் தோற்கடித்துக் கொஞ்ச நாள் பீதி கிளப்பினார். அவ்வளவுதான்.

மேலிடத்தின் பிடி தளர்ந்துவிட்டதற்கு ஓர் அடையாளம் 2014இல் கிடைத்தது. எரிக் கேன்டர் பிரதிநிதிகள் சபையில் கட்சியின் இரண்டாம் இடத் தலைவர், அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். ஜூன் 10 அன்று வர்ஜீனியாவில் தன் தொகுதி பிரைமரியில் டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் தோற்றார். கேன்டரின் பிரசாரம் 50 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. அதில் ஸ்டேக் உணவகங்களுக்கு மட்டும் போனது சுமார் 1,68,000 டாலர். பிராட்டின் மொத்தச் செலவே ஏறக்குறைய 2 லட்சம் டாலர்தான். நன்கொடையாளர்களுக்கு விருந்து வைத்த கணக்கும் எதிராளியின் முழுத் தேர்தல் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்று. பணம் என்ற ஆயுதம் மழுங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் மேலிடம் வேறு பாடம் படித்துக்கொண்டிருந்தது. 2012இல் ராம்னி தோற்றதற்கு நீண்டு இழுத்த பிரைமரி காலமும் எண்ணற்ற விவாதங்களும் காரணம், முன்னணியில் இருப்பவரை அவை புண்ணாக்கிவிட்டன என்று தேசியக் கமிட்டியின் 2013 அறிக்கை முடிவு கட்டியது. விவாதங்களைக் குறை, காலத்தைச் சுருக்கு, மாநாட்டை முன்னே தள்ளு. அதற்கு முன்பே ராம்னியின் ஆட்கள், அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரான் பால் போன்றவர்கள் மாநாட்டில் தொல்லை கொடுக்காமலிருக்க, எட்டு மாநிலப் பிரதிநிதிகளின் பெரும்பான்மை ஆதரவு இல்லாத யார் பெயரையும் முன்மொழிய முடியாது என்று ஒரு விதி போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே எண்ணம்தான். முன்னணி வேட்பாளர் சேதாரமில்லாமல் சீக்கிரம் ஜெயித்துவிட வேண்டும். அந்த முன்னணி வேட்பாளர் நம்ம ஆளாக இருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

2016இன் கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். தெற்கு கரோலினாவுக்கு 50 பிரதிநிதிகள். மாநிலம் முழுவதிலும் முதலிடம் வந்தவருக்கு 29. ஏழு நாடாளுமன்றத் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் முதலிடம் வந்தவருக்கு தலா 3. பிப்ரவரி 20 அன்று டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம். ரூபியோவும் குரூஸும் தலா இருபத்திரண்டைத் தாண்டினார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேறு ஆளைக் கேட்டார்கள். பிரதிநிதிகள்? 50க்கு 50, டிரம்ப்புக்கு. அப்புறம் புளோரிடா. மார்ச் 15 முதல் 'ஜெயித்தவருக்கே எல்லாம்' என்று வைத்துக்கொள்ளக் கட்சி விதி அனுமதித்தது. புளோரிடா அதே தேதியைப் பிடித்து, 99 பிரதிநிதிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தது. ஜெப் புஷ், ரூபியோ இரண்டு பேரும் அந்த மாநிலத்துப் பிள்ளைகள். மூட்டையை 46 சதவீதம் வாங்கிய டிரம்ப் தூக்கிக்கொண்டு போனார். புஷ் அதற்கு முன்பே விலகிவிட்டார், ரூபியோ அன்றிரவு விலகினார். ஒஹாயோவில் மட்டும் திட்டம் பலித்தது. ஆளுநர் ஜான் கேசிக் தன் மாநிலத்தின் 66 பிரதிநிதிகளையும் காப்பாற்றிக்கொண்டார்.

புஷ்ஷின் கதை பாவம்தான். அவருக்கு ஆதரவான சூப்பர் பேக் என்ற நிதி அமைப்பு 2015இன் முதல் ஆறு மாதங்களிலேயே 10 கோடி டாலருக்கு மேல் சேர்த்திருந்தது. கடைசியில் கையில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிநிதிகள். அந்தப் பணத்தில் கணிசமான பங்கு ரூபியோவைத் திட்டும் விளம்பரங்களுக்குப் போனது. ஒவ்வொருவரும் மற்றவர் விலகட்டும், பிறகு டிரம்ப்பைத் தனியாகச் சந்தித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். முன்பெல்லாம் முதலில் வாக்கெடுக்கும் ஐயோவாவில் தோற்றால் பணம் வற்றும், மூட்டை கட்டிக் கிளம்ப வேண்டியதுதான். இப்போது ஒரு கோடீஸ்வரர் பின்னால் இருந்தால் மாதக்கணக்கில் ஓட்டலாம். வயலைச் சுத்தம் செய்ய வேண்டிய பணமே களையை வளர்த்தது. டிரம்ப்புக்கோ விளம்பரச் செலவே பெரிதாக இல்லை, தொலைக்காட்சிகள் அவர் கூட்டங்களை இலவசமாக நேரலை செய்துகொண்டிருந்தன.

ஐயோவாவில் வாக்குப்பதிவு நடந்த அன்று டிரம்ப்பை ஆதரித்து ஒரு செனட்டரோ ஒரு ஆளுநரோ கிடையாது. பழமைவாத இதழான நேஷனல் ரிவ்யூ ஜனவரியில் அவருக்கு எதிராக ஒரு இதழே கொண்டுவந்தது. மார்ச் 3 அன்று ராம்னி யூட்டாவில் மேடையேறி அவரைப் போலி என்றார், மோசடிப் பேர்வழி என்றார். அத்தனையும் டிரம்ப்புக்கு எருவாக விழுந்தது. 'பெரியவர்கள் எல்லாம் சேர்ந்து எதிர்க்கிறார்கள், அப்படியானால் இவர் நம்ம ஆள்தான்' என்று அவருடைய வாக்காளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மேலிடத்தின் இன்னொரு இக்கட்டு குரூஸ். டிரம்ப்பை நிறுத்த ஆள் வேண்டுமென்றால் கணக்குப்படி அவர்தான். செனட்டராக இருந்தும் அவர் ஒரு வகையில் வெளியாள்தான். சக செனட்டர்கள் அவரைக் கண்டாலே முகம் திருப்புவார்கள். டிரம்ப்பா குரூஸா என்று கேட்பது சுட்டுக் கொல்லட்டுமா விஷம் வைக்கட்டுமா என்று கேட்பதுபோல என்றார் லின்ஸி கிரஹாம். முன்னாள் சபாநாயகர் பேனரோ அவரை மனித உருவில் வந்த லூசிஃபர் என்றே சொன்னார். இப்படி மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரைத் தூக்கி நிறுத்துவது?

குரூஸ் தன் பங்குக்கு விதிப்புத்தகத்தை நன்றாகப் படித்திருந்தார். கொலராடோவில் கட்சி அந்த ஆண்டு வாக்காளர்களைக் கேட்கவில்லை. மாவட்ட, மாநில மாநாடுகளில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. குரூஸின் ஆட்கள் அங்கே 34 இடங்களையும் வாரிக்கொண்டார்கள். 1964இல் கோல்ட்வாட்டர் ஆட்கள் செய்த அதே வேலை, முறைப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனால் டிரம்ப், பாருங்கள் மக்கள் வாக்கே போடாமல் முடித்துவிட்டார்கள், எல்லாம் முன்கூட்டியே செட் செய்யப்பட்ட ஆட்டம் என்று கத்தினார். அந்தக் கத்தல் 34 பிரதிநிதிகளைவிட அதிக விலை போனது. மே 3 அன்று இண்டியானாவில் டிரம்ப் ஜெயித்ததும் குரூஸ் விலகினார். ஜூலையில், முதல் விவாதம் நடந்த அதே க்ளீவ்லாந்து அரங்கில், பிரதிநிதிகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து மனசாட்சிப்படி வாக்களிக்க விடுங்கள் என்று ஒரு பகுதியினர் கடைசியாக முயன்றார்கள். மாநிலவாரியாக வாக்கெடு என்று கத்தினார்கள். குரல் வாக்கெடுப்பிலேயே கதையை முடித்தார்கள். ரான் பால் ஆட்களை அடக்க உருவான கண்டிப்பு, இந்த முறை காத்தது டிரம்ப்பை.

சரி, வடிகட்டி வைத்திருந்தால் தடுத்திருக்கலாமா? பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் அப்படி ஒன்று உண்டு. எம்.பி.க்கள் வாக்களித்து இரண்டு பேராகச் சுருக்குவார்கள், பிறகு கட்சி உறுப்பினர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2022இல் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக் 137, லிஸ் டிரஸ் 113. உறுப்பினர்கள் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏழு வாரத்தில் அவர் பதவி போனது. அடுத்த தலைவர் தேர்தலில் நூறு எம்.பி.க்களின் ஆதரவு இருந்தால்தான் போட்டியிடலாம் என்று வரம்பு வைத்தார்கள். சுனக் போட்டியின்றி வந்தார், உறுப்பினர்களிடம் கேட்கவே இல்லை. வடிகட்டி இருக்கிறதா என்பதைவிட அதன் கண் எவ்வளவு பெரிது என்பதுதான் விஷயம்போலிருக்கிறது.

அமெரிக்காவிலேயே ஒருமுறை வடிகட்டி சரியாக வேலை செய்தது. 2021இல் வர்ஜீனியா ஆளுநர் தேர்தலுக்கு, அமாண்டா சேஸ் என்ற தீவிர டிரம்ப் ஆதரவாளர் சிதறிய வாக்குகளுக்கு நடுவே முந்திவிடுவாரோ என்ற பயம் கட்சிக்கு இருந்தது. பிரைமரியைத் தவிர்த்து, 39 இடங்களில் ஒரே நாளில் மாநாடு மாதிரி வைத்து, ஒவ்வொருவரும் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும்படி செய்தார்கள். பெரும்பான்மை கிடைக்கும்வரை கடைசியில் இருப்பவரை நீக்கிக்கொண்டே போகும் முறை. இதில் 32 சதவீதத்தை வைத்துக்கொண்டு யாரும் ஜெயிக்க முடியாது. வந்தவர் க்ளென் யங்கின். கார்லைல் முதலீட்டு நிறுவனத்தின் முன்னாள் தலைவர், அரசியலுக்குப் புதியவர். மேலிடத்துக்குப் பிடித்த வெளியாள், வில்கி மாதிரி. பொதுத்தேர்தலிலும் ஜெயித்தார்.

2024 வரும்போது டிரம்ப்தான் மேலிடம். அந்த ஆண்டு மார்ச்சில் தேசியக் கமிட்டியின் இணைத்தலைவர் ஆனவர் அவருடைய மருமகள் லாரா. வெளியாள் என்று வந்தவர்களில் ஒருவர் விவேக் ராமசாமி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பதவி எதுவும் வகித்ததில்லை. ஐயோவாவில் ஏழெட்டு சதவீதம் வாங்கிய கையோடு விலகி டிரம்ப்பை ஆதரித்தார். ஐ.நா. தூதராக இருந்த நிக்கி ஹேலி மட்டும் தாக்குப்பிடித்தார்.

அதற்குள் விதிகள் மறுபடி எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாக் கட்சி 2023 ஜூலையில், பாதிக்கு மேல் வாங்குபவருக்கு 169 பிரதிநிதிகளும் என்று மாற்றியது. நெவாடாவில் இன்னும் நேர்த்தி. மாநிலச் சட்டப்படி பிப்ரவரி 6 அன்று அரசு பிரைமரி நடத்தியது. மாநிலக் கட்சியோ அதைக் கணக்கில் எடுக்க மாட்டோம், பிப்ரவரி 8 அன்று நாங்கள் நடத்தும், கட்சிக்காரர்கள் நேரில் கூடி வாக்களிக்கும் காக்கஸ் கூட்டங்களில்தான் பிரதிநிதிகள், பிரைமரியில் பெயர் கொடுத்தவர் இங்கே வரக் கூடாது, கட்டணம் 55,000 டாலர் என்றது. டிரம்ப் காக்கஸில் நின்றார். ஹேலி பிரைமரியில் நின்றார். எல்லாம் முன்கூட்டியே டிரம்ப்புக்காகச் செட் செய்யப்பட்ட ஆட்டம், அதற்குப் பணம் கட்டமாட்டோம் என்று இந்த முறை சொன்னது ஹேலியின் தரப்பு.

நெவாடா வாக்குச்சீட்டில் 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்று ஒரு கட்டம் உண்டு. பிப்ரவரி 6 அன்று அந்தக் கட்டம் 63 சதவீதம் வாங்கியது. ஹேலி வாங்கியது 30.